காலி டப்பா

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ்,
10.6.2002

பெறுநர்: பொறுப்பாளர், குழந்தைகள் காப்பகம்
பொருள்: மகள் தாரிணியின் மதிய உணவு தொடர்பாக

மதிப்பிற்குரிய மேடம்,

நான் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பரிசோதகன். காலை ஏழேகாலுக்கு மகளை ஆயா யாதம்மாவிடம் விட்டுப் போகிறேன். நீங்கள் லாலாகுடாவிலிருந்து வந்து சேர எட்டரை ஆகிவிடுகிறதாம். மாலை ஐந்தரைக்கு நான் திரும்பும்போது நீங்கள் பஸ் ஏறியிருப்பீர்கள். ஆலைக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. ஆகவே இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன். நீங்கள் தமிழ் என்று யாதம்மா சொன்னார். அங்கே வேறு யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பதும் ஒரு வசதிதான்.

தாரிணிக்கு நாலரை வயது. எடை 13.1 கிலோ. ரத்தத்தில் இரும்புச் சத்து மிகவும் குறைவு என்று டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்திருக்கிறார். சென்ற வாரம் தினமும் 180 கிராம் உணவு அனுப்பினேன். சராசரியாக 150 கிராம் திரும்பி வந்தது. மூன்று கோரிக்கைகள். மிச்சத்தை இனியும் கொட்டாமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள். நான் எடை போட வேண்டும். பிறந்தநாள் சாக்லேட்டுகள் அவளுக்குக் கூடாது. சனிக்கிழமை தோறும் நீங்கள் ஜிலேபி தருவதாகக் கேள்விப்பட்டேன். அதை உடனடியாக நிறுத்த வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
உமாசங்கர்

* * *

11.6.2002

உமாசங்கர் சாருக்கு,

'பொருள்' என்று போட்டுப் பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றி எழுதும் அப்பாவை இப்போதுதான் பார்க்கிறேன். என் அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் ஃபிட்டர். அவர்கூட வீட்டுக்குள் நுழையும்போது ஸ்பேனரை வெளியே வைத்துவிட்டுத்தான் வருவார்.

என் தமிழ் பூசைப் புத்தகம் படித்து வந்த தமிழ். நடுவில் ஆமாம், வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் ஹவ், நக்கோ எல்லாம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறேன், அதில் எனக்கென்ன. ஆனால் சனிக்கிழமை ஜிலேபியை நிறுத்த முடியாது. இருபத்தாறு பிள்ளைகள் வாரம் முழுக்க விரலை மடக்கி நாள் எண்ணுகிறார்கள். ஆளுக்கு ஒரே ஒரு ஜிலேபி, காலை பதினோரு மணிக்கு. மற்ற ஐந்து நாளும் பழம், சுண்டல், கேழ்வரகு. பதினொரு வருஷமாக இப்படித்தான். உங்கள் மகளுக்கு மட்டும் வேண்டாம் என்றால், அதுதான் எழுத்தில் கொடுத்துவிட்டீர்களே, தர மாட்டேன். அதை அவளிடம் சொல்லும் வேலை உங்களுடையது.

இன்னொன்று. நீங்கள் அனுப்பும் சாப்பாட்டை நானும் யாதம்மாவும் ஒரு வாய் ருசி பார்த்தோம். யாதம்மா சொன்னதைக் கடிதத்தில் எழுத முடியாது. நீங்கள் என்றைக்காவது அதைச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா சார்?

ஆரோக்கியமேரி

* * *

12.6.2002

மதிப்பிற்குரிய மேடம்,

கேரட், பீன்ஸ், கீரை, பாசிப்பருப்பு, அரிசி. குக்கரில் ஐந்து விசில். உப்பு, எண்ணெய், காரம் கிடையாது. சத்துக் கணக்கை மூன்று புத்தகம் பார்த்துப் போட்டிருக்கிறேன். அது அவளுக்கான உணவு. நான் ருசி பார்க்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது?

உமாசங்கர்

* * *

15.6.2002, சனி

சாருக்கு,

நீங்கள் கேட்டபடி இன்றைக்குத் தாரிணிக்கு ஜிலேபி தரவில்லை. வாழைப்பழம் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. எல்லாரும் கை கழுவப் போனபின், ஜிலேபி சுற்றி வந்த காகிதத்தைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து நக்கிக்கொண்டிருந்தாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் பாவாடைக்குப் பின்னால் ஒளித்தாள்.

பதினொரு வருஷத்தில் எந்தப் பிள்ளையும் என் எதிரே அப்படி ஒளித்ததில்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மேரி

* * *

17.6.2002

மேடம்,

படித்தேன். ஞாயிறு முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் என் முடிவில் மாற்றம் இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி ஷோபா அமீர்பேட்டில் ஒன்றரை வருஷம் கோர்ஸ் படித்து, கைக்குழந்தையோடு பரீட்சை எழுதி, சாஃப்ட்வேர் வேலைக்குப் போனவள். சென்ற வருஷம் அவள் கம்பெனியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிஞ்சியவர்களில் இவளை ஒரு வருஷத்துக்கு நியூஜெர்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். மே மாதம் போனாள். பாதியில் வந்தால் வேலை போய்விடும். மறுபடி இந்தக் காலத்தில் கிடைக்காது.

ஷோபா இருந்தவரை மடியில் வைத்து, ஏதாவது கதை சொல்லி ஊட்டுவாள். அவள் போன அன்றிலிருந்து பிள்ளை வாயை மூடிக்கொண்டாள். ஆகஸ்ட் பதினாலாம் தேதி டாக்டர் மறுபடி எடை பார்க்கிறார். அன்றைக்கு எடை ஏறியிருக்காவிட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று ஷோபா சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்பவள். என் சமையலால் அவள் ஆறு வருஷ உழைப்பு பாழானது என்று ஆகக் கூடாது. இதுதான் என் பிரச்சினை. ஜிலேபி அல்ல.

உமாசங்கர்

* * *

28.6.2002

மதிப்பிற்குரிய மேரி மேடம்,

வெற்றி! ஒன்பது வேலை நாட்களாக டப்பா காலியாகத் திரும்பி வருகிறது. தராசில் வைத்தேன்: மிச்சம் 0 கிராம். ஒன்பது நாளும் 0 கிராம்! அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஷோபாவுக்கு ஈமெயிலில் முழுவதும் டைப் அடித்து அனுப்பினேன். போனில் அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான்.

இனிப்பை நிறுத்தினால் பசி தானாக வரும் என்றுதான் நான் முதலிலேயே நிறுத்தச் சொன்னேன். இப்போதாவது மற்ற பிள்ளைகளுக்கும் அந்த ஜிலேபியை நிறுத்துவதைப் பற்றி நீங்கள் யோசிக்கலாம்.

உமாசங்கர்

* * *

29.6.2002, சனி

சாருக்கு,

நல்லா இருக்கிறதே கதை! உங்கள் தடையால் வந்த பசியா? போன வாரத்திலிருந்து நான் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் பட்டாணி உரிக்கச் சொல்கிறேன், கோங்கூரா கீரை ஆயச் சொல்கிறேன். கை பட்ட காயைப் பிள்ளை தின்னும். தாரிணியும் உட்கார்ந்து உரித்தாள். அதன் பலன் இது. பெருமையை யாருக்குத் தரவேண்டுமோ அவர்களுக்குத் தாருங்கள்.

இப்போது அவளே தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்ச் சமத்தாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். என்னிடம் ஊட்டச் சொல்வதில்லை. எனக்கும் சின்னதுகளுக்கு ஊட்ட நேரம் கிடைக்கிறது. அவள் சாப்பிடும் அழகைப் பார்க்க வாட்ச்மேன் வீட்டுக் கோழிகூட பன்னிரண்டு மணிக்கு ஜன்னலடியில் வந்து நிற்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிலேபி நிற்காது. நக்கோ என்றால் நக்கோ.

மேரி

* * *

15.7.2002

மேடம்,

சனிக்கிழமை தாரிணிக்குச் சளி என்று டாக்டரிடம் போனேன். அப்படியே எடை பார்த்தார்கள். 12.8 கிலோ. முந்நூறு கிராம் குறைந்திருக்கிறது. மிஷின் தப்பு என்று சொல்லி மூன்று முறை ஏற்றி இறக்கினேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நான் அனுப்பும் 180 கிராமும் உள்ளே போனால் எடை எப்படிக் குறையும்? இருபது நாளாக என் டப்பாவை யார் சாப்பிடுகிறார்கள்? யாதம்மாவா? நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, கேட்கிறேன். நாளை மாலைக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் காப்பகத்தை நடத்தும் நலவாரியக் குழுவிடம் போவேன். ஷோபாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வேன்?

உமாசங்கர்

* * *

16.7.2002

சாருக்கு,

யாதம்மாவைச் சொன்னீர்கள் பாருங்கள், அதற்கு முதலில் ஒரு கும்பிடு. அந்தம்மா மத்தியானம் வீட்டிலிருந்து கொண்டுவரும், சோளத்தில் தட்டிய ஜொன்ன ரொட்டியில் பாதியை இந்தப் பிள்ளைகளுக்குக் கிள்ளிக் கொடுப்பவள்.

உங்கள் டப்பாவை யார் சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டேன். வாட்ச்மேன் வீட்டுக் கோழி.

இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு ஊட்டுகிற வேலையை யாதம்மாவிடம் கொடுத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றேன். தாரிணி ஜன்னலடியில் உட்கார்ந்தாள். கம்பி வலையில் ஒரு கிழிசல். அதன் வழியாக ஒவ்வொரு கைப்பிடியாக வெளியே போட்டாள். கோழி குஞ்சு குட்டியோடு காத்திருந்தது. இவள் அதோடு பேசிக்கொண்டே போடுகிறாள். கடைசியில் டப்பாவைத் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரையும் கோழிக்கே ஊற்றினாள்.

"கைக்கு பேட்டா?" என்று கேட்டேன், ஏன் கண்ணே என்று. பயந்துபோய் முதலில் தெலுங்கில் "கோடிகி ஆகலி டீச்சர்" என்றாள். கோழிக்குப் பசியாம். அப்புறம் மடியில் வைத்துக் கேட்டதும் உண்மை வந்தது. "டப்பா காளி அயிதே டாடி சாக்லெட் இஸ்தாடு."

டப்பா காலியானால் டாடி சாக்லேட் தருவார்! மாதாவே! இங்கே ஊருக்கெல்லாம் இனிப்பு விஷம் என்று எழுதிவிட்டு, வீட்டில் நீங்கள் தினம் ஒரு சாக்லேட் கொடுத்திருக்கிறீர்கள். நாலு வயசுப் பிள்ளை நீங்கள் சொன்ன வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. நீங்கள் காலி டப்பா கேட்டீர்கள், கொடுத்தாள். டப்பாவைப் பரிசோதித்தீர்கள் சார், பிள்ளையைப் பரிசோதிக்கவில்லை.

என் மேலும் தப்பு இருக்கிறது. என் கண்ணெதிரே இருபது நாள் நடந்திருக்கிறது. பட்டாணி உரித்த பெருமையில் நானும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு என்னை எது வேண்டுமானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். குழுவிடம் போவதானால் நானும் கூட வருகிறேன்.

மேரி

* * *

17.7.2002

மேடம்,

தாரிணி நாளை முதல் வரமாட்டாள். விடுப்பு எடுத்திருக்கிறேன். என் பிள்ளையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

உமாசங்கர்

* * *

22.7.2002

மேரி டீச்சருக்கு,

நாலு நாள் முயன்றேன். முதல் நாள் ஊட்டினேன், துப்பினாள். இரண்டாம் நாள் மிரட்டினேன். மூன்றாம் நாள் கெஞ்சினேன். நான் தட்டோடு வருவதைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். சனிக்கிழமை மத்தியானம் நானும் அந்தக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, "அப்பா ஒரு வாய் சாப்பிடறேன், அப்புறம் நீ ஒரு வாய், சரியா?" என்றேன். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

டீச்சர், அதை என்னால் விழுங்க முடியவில்லை. நனைந்த அட்டையைத் தின்பது போல இருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்துத் தாரிணி சிரித்தாள். மே மாதத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு மாதமாக என் பிள்ளையை இதைத் தின்னச் சொல்லிக் கண்ணை உருட்டியிருக்கிறேன்.

யாதம்மாவிடம் இன்று காலை மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, தலையை ஆட்டினார். உங்களிடமும் கேட்கிறேன். ஆகஸ்ட் பதினாலுக்கு இருபத்து மூன்று நாள் இருக்கிறது. தாரிணியைப் பையோடு அனுப்பியிருக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். செய்கிறேன்.

உமாசங்கர்

* * *

23.7.2002

உமாசங்கர் சாருக்கு,

மன்னிப்பெல்லாம் எதற்கு. என் மகனுக்கு இப்போது பதினைந்து வயது. சின்னதில் அவன் முதுகில் இரண்டு வைத்துச் சுரைக்காய் ஊட்டியிருக்கிறேன். இன்றைக்கும் சுரைக்காய் என்றால் தட்டை விட்டு எழுந்து போகிறான். அந்த அடி எனக்குத்தான் இன்னும் வலிக்கிறது.

சொல்கிறேன், கேளுங்கள். தராசைப் பரணில் போடுங்கள். சோற்றுக்கு உப்பு போடுங்கள், கொஞ்சம் நெய், தாளிக்க நாலு கடுகு. காயைத் தனியாக வதக்கி அனுப்புங்கள், எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்தால் பிள்ளைக்கு எது என்ன என்று எப்படித் தெரியும்? அனுப்புமுன் நீங்கள் ஒரு வாய் சாப்பிடுங்கள். டாக்டர் கொடுத்த டானிக்கை விடாதீர்கள், பூச்சி மாத்திரையும் கேளுங்கள். அவள் சாப்பிடும்போது அவள் வாயைப் பார்க்காதீர்கள். நீங்களும் உட்கார்ந்து உங்கள் தட்டைப் பாருங்கள்.

இங்கே நான் ஒரு பெரிய தாம்பாளம் வைக்கப் போகிறேன். சோறு அவரவருடையது, காய் மட்டும் எல்லா வீட்டிலிருந்தும் நடுவில். யாருக்கு எது வேண்டுமோ அவர்களே எடுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் வேண்டாம். ஜன்னல் வலையைத் தைத்தாகிவிட்டது. கோழி இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு வந்து ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனது.

தினச் சாக்லேட் நிற்க வேண்டும். சனிக்கிழமை ஜிலேபி அவளுக்கும் உண்டு.

மேரி

* * *

24.7.2002

டீச்சர்,

எல்லாவற்றுக்கும் சரி. தராசு பரணில். ஆனால் ஜிலேபி? வாரம் முழுவதும் ஒன்றுமே சாப்பிடாத பிள்ளைக்கும் சனிக்கிழமை ஜிலேபி உண்டா? சாப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்றாவது வைக்கலாமே.

உமாசங்கர்

* * *

25.7.2002

ஹவ் சார், சாப்பிடாவிட்டாலும் உண்டு. ஜிலேபி சம்பளம் இல்லை. கீரை தின்றால் ஜிலேபி என்றால் பிள்ளைக்கு என்ன புரியும்? கீரை தண்டனை, ஜிலேபிதான் சாப்பாடு என்று புரியும். அது சனிக்கிழமை வரும், எல்லாருக்கும் வரும், ஒன்று வரும், தீரும். அவ்வளவுதான். ஒளிக்கவும் வேண்டாம், சம்பாதிக்கவும் வேண்டாம். நம்புங்கள்.

மேரி

* * *

3.8.2002, சனி

சார்! சார்! சார்!

உட்கார்ந்து படியுங்கள். திங்கள்கிழமை தாரிணி தாம்பாளத்தைச் சுற்றி வந்தாள், எதையும் தொடவில்லை. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். செவ்வாய் ஒரே ஒரு வெள்ளரித் துண்டு. புதன் நாலு துண்டு. வியாழன் உங்கள் ஆலை யூசுப் சார் மகன் தால்சா, அதுதான் புளி விட்ட பருப்புக் குழம்பு, கொண்டுவந்தான், கறி போடாதது, வெறும் சுரைக்காய் போட்டது. அவன் சப்புக்கொட்டித் தின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்கு?" என்றாள். தமிழில்! இங்கே அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தமிழ் வார்த்தை அது. அவன் ஒரு கரண்டி ஊற்றினான். தட்டைச் சாய்த்துக் குடித்தாள். சுரைக்காயை மென்றாள். நேற்று உங்கள் பீட்ரூட் பொரியலை அவளே இரண்டு தடவை எடுத்துக்கொண்டாள். பக்கத்துப் பிள்ளையிடம் "மா டாடி சேசாடு" என்றாள். எங்கள் டாடி செய்தது என்று பெருமை!

இன்றைக்கு ஜிலேபியும் கொடுத்தேன். எல்லாரோடும் உட்கார்ந்து தின்றாள். விரலை நக்கினாள். காகிதத்தை அவளே கொண்டுபோய்க் கூடையில் போட்டாள். அந்தக் காகிதத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை சார். நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

மேரி

* * *

5.8.2002

மேரி டீச்சர்,

சுரைக்காயா? என் மகளா? உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். யூசுப் எங்கள் பிரிவில்தான் இருக்கிறார். இன்று கேன்டீனில் அவரைப் பிடித்து உட்காரவைத்து, தால்சாவுக்குப் புளி எப்போது ஊற்றுவது என்று எழுதிக்கொண்டேன். "கேள்வி கேட்கிற விதத்தைப் பார்த்தால் ராக்கெட் பாகம் செய்வதைப் போல இருக்கிறதே மியான்" என்றார்.

ஷோபாவிடம்தான் சிக்கல். கோழி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மறைக்க மனம் வரவில்லை. அதிலிருந்து நான் எது சொன்னாலும் நம்புவதில்லை. தால்சா கதையைச் சொன்னேன். "முன்னாடியும் காலி டப்பா, காலி டப்பான்னு பக்கம் பக்கமா எழுதினீங்களே" என்றாள். பதினேழாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். மேனேஜரிடம் பதினாறாம் தேதி காலையில் சொல்லப் போகிறாளாம்.

உமாசங்கர்

* * *

16.8.2002

மேரி டீச்சருக்கு,

நீங்களும் உட்கார்ந்து படியுங்கள்.

பதினாலாம் தேதி எடை பார்த்தார்கள். 13.5 கிலோ. ஒரு மாதத்தில் எழுநூறு கிராம்! ரத்தமும் ஏறியிருக்கிறது. டாக்டர் "என்ன கொடுத்தீர்கள்?" என்றார். "உப்பு" என்றேன். வேறென்ன சொல்ல?

அன்றிரவே ஷோபாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "மிஷின்ல செருப்போட நிக்க வெச்சீங்களா?" என்றாள். நேற்று சுதந்திர தின விடுமுறை. சாயங்காலம் ஆறு மணிக்குச் சந்தோஷ் நகரில் உள்ள இன்டர்நெட் சென்டருக்குத் தாரிணியைக் கூட்டிப் போனேன். அங்கே கேமரா வைத்திருக்கிறார்கள். ஷோபாவுக்கு அப்போது காலை எட்டரை. முகம் விட்டு விட்டுத் தெரிந்தது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் டிக்கெட்டைப் பற்றியே பேசினோம். குரல் உயர்ந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த தாரிணியை நான் மறந்தே போனேன்.

அவளுக்கு ஆறு மணிக்கெல்லாம் பசி வந்துவிடுகிறது என்று பையில் பீட்ரூட் சாதம் வைத்திருந்தேன். சண்டையில் அவளுக்குச் சலித்துப்போயிருக்க வேண்டும். அவளே டப்பாவைத் திறந்து, மடியில் வைத்துக்கொண்டு, கையால் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். நான் பார்க்கவில்லை. ஷோபா பார்த்துவிட்டாள். பேசிக்கொண்டிருந்தவள் பாதி வார்த்தையில் நின்றாள். படம் உறைந்துவிட்டதோ என்று நான் மானிட்டரைத் தட்டினேன்.

"தட்டாதீங்க! அவ சாப்பிடறா" என்றாள். "நீங்க ஊட்டலையே. அவளே சாப்பிடறா!"

நான் திரும்பினேன். வாய், கன்னம், மூக்கு எல்லாம் சிவப்பு. நீங்கள் சொன்னது ஞாபகம் வந்து சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டேன். அதற்குள் கடைக்காரர் ஓடிவந்து, "சார், கீபோர்டு கிட்ட சாப்பாடு நக்கோ!" என்று சத்தம் போட்டார். ஸ்பீக்கரில் ஷோபாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "யாருங்க அவரு? சாப்பிடறவளை ஏன் தடுக்கறாரு? சாப்பிடட்டும் விடச் சொல்லுங்க!" அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் அழுகிற முகத்தையும் இவள் தின்கிற வேகத்தையும் பார்த்தார். என்ன தோன்றியதோ, கீபோர்டைத் தூக்கி மேலே வைத்துவிட்டுப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார்.

தாரிணி தின்று முடித்துக் கேமராவைப் பார்த்து, "அம்மா, இன்னும் கொஞ்சம் வேணும். டாடி கம்மியா வெச்சிட்டாரு" என்றாள். என் மேல் புகார்! வாழ்க்கையில் இதைவிட நல்ல புகாரை நான் வாங்கியதில்லை டீச்சர்.

ஷோபா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "டிக்கெட்டை கேன்சல் பண்ணிடறேன். முழுசா முடிச்சிட்டு மே மாசம் வரேன். அந்த மேரி டீச்சர்கிட்ட சொல்லுங்க, வந்ததும் முதல்ல அவங்களைத்தான் பார்ப்பேன்."

சொல்லிவிட்டேன்.

உமாசங்கர்

* * *

17.8.2002, சனி

உமாசங்கர் சாருக்கு,

படித்துக் காட்டியதும் யாதம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "மரி கோடி சங்கதி?" என்றாள். அப்போ கோழி கதி என்ன என்று கேட்கிறாள். இளைத்துவிட்டதாம்.

ஷோபா அம்மாவிடம் சொல்லுங்கள், நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. கட்டிலுக்கு அடியில் படுத்தவர் நீங்கள். ஆனால் பட்டாணி உரித்த பெருமை மட்டும் என்னுடையது. அதை விட்டுத் தர மாட்டேன்.

இன்றைக்கு ஜிலேபி சூடாக வந்தது. உங்களுக்கும் ஒன்று டப்பாவில் வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிடுங்கள். எடை போட வேண்டாம்.

மேரி

* * *

13.9.2002, வெள்ளி

மேரி டீச்சர்,

நாளை ஜிலேபி வாங்கி வருவது, நான் கேட்டுக்கொண்டபடி, என் முறை. விடுப்பு எடுத்திருக்கிறேன். பதினோரு மணிக்கு நானே நேரில் கொண்டுவருகிறேன். மூன்று மாதமாக இத்தனை சண்டை போட்டும் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பரணில் இருந்த தராசையும் எடுத்து வருகிறேன். பிள்ளைகள் கடை வைத்து விளையாடட்டும்.

புதன்கிழமை தாரிணியும் நானும் மிட்டாய்க் கடை வழியாக வந்தோம். எனக்குத்தான் சபலம். "வாங்கட்டுமா?" என்றேன். "இன்னைக்கு சனிக்கிழமையா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப வா" என்று என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். அழுகை இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து தால்சா கேட்டாள். நேற்றுப் பார்த்தபோது 14.1 கிலோ. அதைக்கூட ஷோபா கேட்டாள் என்றுதான் பார்த்தேன்.

இன்று டப்பாவில் நாலு வாய் மிச்சம் வந்தது. ஏனம்மா என்று கேட்டேன். வயிற்றைத் தட்டிக் காட்டி, "பொட்ட நிண்டிந்தி டாடி" என்றாள். வயிறு நிறைந்துவிட்டதாம். சமையலறையில் நின்றபடியே அந்த நாலு வாயையும் நான் சாப்பிட்டேன்.

உப்பு சரியாக இருந்தது.

உமாசங்கர்